காம்பு கடவுள் பக்கம்

ஜூன் 3, யோகோஹாமா

எட்டாம் தேதி புதுக் கட்டடத்துக்கு ஜிச்சின்சாய். நம் பூமி பூஜை மாதிரிதான், தேங்காய் மட்டும் கிடையாது. கட்டுமானத் தரப்பில் நானும் தமகுஷி வைக்க வேண்டுமாம். தமகுஷி என்பது வெள்ளைக் காகிதம் கட்டிய சகாகி கிளை. 'மரம்', 'கடவுள்' இரண்டும் ஒட்டிய ஒரே எழுத்தில் சகாகி என்று எழுதுகிறார்கள். குளிர்காலத்திலும் இலை உதிராத மரம். இந்தப் பக்கக் குளிருக்கு அது சரியாக வருவதில்லை. அதன் தம்பி மாதிரியான ஹிசகாகியை வைத்துச் சமாளிக்கிறார்கள்.

ஜூன் 5

மதியம் ஒத்திகை. வலது கை காம்பை மேலிருந்து பிடிக்க வேண்டும், இடது உள்ளங்கை இலைகளைக் கீழிருந்து தாங்க வேண்டும். அப்புறம் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பி, காம்பு பலிபீடத்தைப் பார்க்க வைக்க வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் காம்பு என் பக்கமே வந்து நின்றது. "கொடுக்கிறீர்களா, திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களா?" என்றார் அலுவலகப் பெரியவர்.

கிளையில் கட்டும் அந்த வெள்ளைக் காகிதத்துக்கு ஷிதே என்று பெயர். அதை வெட்டவும் அவரே சொல்லிக்கொடுத்தார். காகிதத்தை மடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. ஒரு துண்டுகூடக் கீழே விழாது. பிரித்தால் மின்னல் மாதிரி தொங்கும். நான் மூன்றைக் கிழித்துவிட்டேன்.

ஜூன் 8

தூறல். கூடாரத்துக்குள் நான்கு பச்சை மூங்கில், சுற்றிலும் வைக்கோல் கயிறு. நடுவில் விக்கிரகம் எதுவும் இல்லை. காகிதம் தொங்கும் ஒரு சகாகி கிளை நிற்கிறது, அவ்வளவுதான். ஹிமொரொகி என்கிறார்கள். பூசாரி "ஓ..." என்று நீளமாக ஒலி எழுப்ப, கடவுள் அதில் இறங்குகிறார். முடிந்ததும் அதே "ஓ..."வோடு வழியனுப்புகிறார்கள். இடையில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

மணல் குவியலில் "எய், எய், எய்" என்று மண்வெட்டி இறங்கியது. ஒரு சின்னப் பெட்டியை எங்களிடம் கொடுத்தார் பூசாரி. உள்ளே விரல் நீளத்தில் இரும்பு மனிதன், கேடயம், ஈட்டி, கண்ணாடி. அஸ்திவாரத்தின் கீழே புதைக்க வேண்டியது எங்கள் பொறுப்பு.

என் முறை வந்தது. சரியாகத்தான் திருப்பினேன். ஆனால் ஷிதே என் வாட்ச் பட்டையில் மாட்டி, கிளை என்னோடு திரும்பி வரப் பார்த்தது! பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 9

வீட்டில் படித்தது: 1965இல் த்ஸு நகரம் உடற்பயிற்சிக் கூடம் கட்டும்போது ஜிச்சின்சாய்க்குப் பொதுப்பணத்தில் 7,663 யென் செலவழித்தது. மதச் சடங்குக்குப் பொதுப்பணமா என்று அது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய், 1977இல்தான் 'அரசியல் சட்டத்துக்கு முரணில்லை' என்று முடிந்ததாம். நான்கு மூங்கில், ஒரு கயிறு, பன்னிரண்டு வருஷம்.

ஜூன் 30

நகொஷி நோ ஹராஎ, அரையாண்டுத் தீட்டைக் கழிக்கும் நாள். புல்லில் கட்டிய பெரிய வளையத்துக்குள் இடது, வலது, இடது என்று மூன்று சுற்று. காகித மனித உருவம் ஒன்று தந்தார்கள். பெயரும் வயதும் எழுதி, உடம்பில் தேய்த்து, மூச்சை ஊதிக் கொடுக்க வேண்டும். வாட்ச் கட்டும் மணிக்கட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்தேன்.