அமிர்திக் காட்டில் எண் 217

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகிறவர்கள் வன உயிரினப் பூங்காவையும் அருவியையும் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். பள்ளிக் காலத்திலிருந்து நானும் அப்படித்தான் போய்வந்திருக்கிறேன். இந்தத் தை மாதக் கடைசியில் போனது மரங்களை அளக்க.

கல்லூரியில் எனக்குத் தாவரவியல் நடத்திய பேராசிரியர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உரிய அனுமதி வாங்கி, ஜவ்வாது மலைச் சரிவில் ஒரு ஹெக்டேர் காட்டுக்கு நான்கு மூலையிலும் கல் நட்டார். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அங்கே போய் உள்ளே இருக்கிற மரங்களை அளக்கிறார். இது நான்காவது முறை. ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது. "நீ வந்தால் டேப் பிடிக்க ஒரு கை கூடும்" என்று போனில் கேட்டார். மறுக்க மனம் வருமா?

காலை முதல் பஸ்ஸில் கணியம்பாடி தாண்டும்வரை முதுமலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு 1988-ல் அங்கே 50 ஹெக்டேரை, அதாவது ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட காட்டை, இப்படிக் குறித்தது. ஒரு செ.மீ. விட்டம் உள்ள குச்சி மரம்கூடக் கணக்கில் உண்டு. முதல் கணக்கெடுப்பிலேயே ஏறத்தாழ 26 ஆயிரம் மரங்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் போட்ட கட்டமும் அதே 50 ஹெக்டேர்தான். முதுமலையில் ஆண்டுதோறும் செத்த மரங்களைத் தனியாக எண்ணியதால்தான், சிறு மரங்களைத் தீ எவ்வளவு கொல்கிறது, யானை எதை விரும்பித் தின்கிறது என்பதெல்லாம் தெரியவந்தது. "ஒரு தடவை பார்த்தால் காடு இருக்கிறது என்று தெரியும். திரும்பத் திரும்பப் போனால்தான் என்ன ஆகிறது என்று தெரியும்" என்றார். அவர் வகுப்பில் பேசும் அதே குரல்.

எங்களோடு ஆராய்ச்சி மாணவி ஒருவரும், மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். பெரியவர் இல்லாவிட்டால் பாதி மரங்களின் பெயர் தெரியாமலே போயிருக்கும். இலை உதிரத் தொடங்கிய நேரம். இலை போனபின் துரிஞ்சியையும் பக்கத்து மரத்தையும் நான் எப்படிப் பிரிப்பேன்? அவர் பட்டையை நகத்தால் லேசாகக் கீறி முகர்ந்து பார்ப்பார், பெயர் வந்துவிடும். வெப்பாலை மட்டும் எனக்கும் எளிதாகத் தெரிந்தது. இரண்டு நீளக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கிபோலத் தொங்கும்.

ஹெக்டேரைப் பத்து மீட்டர் சதுரங்களாகப் பிரித்தால் நூறு கட்டங்கள். சரிவில் டேப்பைத் தரையோடு இழுக்கக் கூடாது, மட்டமாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நிலப்படத்தில் கட்டம் சுருங்கிவிடும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மஞ்சள் பெயின்ட் வளையம் இருக்கும். அதன்மேல்தான் டேப்பைச் சுற்ற வேண்டும். பத்து செ.மீ. சுற்றளவைத் தொட்ட புது மரத்துக்குப் புது எண் கொடுத்து அலுமினியத் தகடு மாட்டுவோம்.

பிற்பகலில் 217-க்கு வந்தோம். வேங்கை. வளையம் இருக்கிறது, தகட்டைக் காணோம். மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். பெரியவர்தான் விரலை வைத்துக் காட்டினார். ஆணியின் தலையோடு தகட்டின் முக்கால் பங்கைப் பட்டை விழுங்கியிருந்தது. உதடு மூடியதுபோல இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டை தடித்து வந்து நடுவில் சந்தித்திருந்தது. ஓர் ஓரத்தில் '7' மட்டும் வெளியே தெரிந்தது. பக்கத்தில் புது ஆணி அடித்தேன். அடித்த இடத்திலிருந்து இரத்தச் சிவப்பில் பிசின் கசிந்து, அலுமினியத்தின்மேல் இழைபோல இறங்கியது. வேங்கைக்கு அதுதான் இயல்பு என்று படித்திருக்கிறேன். கைக்கு அருகில் பார்த்தபோது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். "கொஞ்சம் தலையை வெளியே விட்டு அடியுங்கள் தம்பி, அது வளரும்" என்றார் பெரியவர்.

சுற்றளவு 60.3 செ.மீ. பழைய பக்கங்களைப் புரட்டினோம்: 58.2, 58.0, 59.1. இரண்டாவது எண் ஏன் குறைகிறது? அந்த முறை அளக்க வந்த குழு பங்குனி வெயிலில் வந்திருக்கிறது. கோடையில் நீர் இழந்து மரம் உண்மையாகவே சற்று இளைக்கும், மழைக்குப் பின் தேறும். அதனால் எப்போதும் ஒரே மாதத்தில் அளக்க வேண்டும். இதைத் தெரிந்தே வசதிக்காகத் தள்ளிப்போட்டார்கள் என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தச் சுற்று எண்களை எதோடும் நம்பி ஒப்பிட முடியாது. மொத்தத்தில் பன்னிரண்டு ஆண்டுகளில் 2.1 செ.மீ. சுற்றளவு ஏறியிருக்கிறது. 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு நெல்மணியின் நீளத்துக்கும் குறைவு. வறண்ட காட்டு மரம் இவ்வளவு மெதுவாக வளரும் என்று நான் நினைத்ததே இல்லை. நம் வீட்டு மேசை எத்தனை பன்னிரண்டு ஆண்டுகள் என்று எண்ணிப் பார்த்தேன்.

கிழக்கு ஓரக் கட்டங்களில் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. முள் கிழித்த கையோடு அதைத் தாண்டினோம். சிறு கன்றுகளை எண்ணுவதற்கான ஒரு மீட்டர் சதுரங்களில் அங்கே உண்ணிச்செடியைத் தவிர ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த கட்டத்தில் 88 இருக்க வேண்டும், சந்தனம். இருந்த இடத்தில் முழங்கால் ஆழக் குழி. சந்தனத்துக்கு வேரிலும் எண்ணெய் உண்டு. அதனால் திருடுகிறவர்கள் மரத்தை வெட்டியதோடு நிற்பதில்லை. பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைச் சேர்த்து உணவு எடுத்து வாழும் மரம் அது. குழியின் ஓரத்தில் அந்த அண்டை மரத்தின் வேர்களும் அறுந்து தொங்கின. பெரியவர் குழிக்கு அருகில் உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

மாலை பஸ்ஸுக்கு முன் டீக்கடை பெஞ்சில் எண்களைச் சரிபார்த்தோம். மாணவி வாசிக்க வாசிக்க நான் இன்னொரு நோட்டில் எழுதினேன். மழையில் மை கரைந்துவிடும் என்பதால் எல்லாம் பென்சிலில்தான்.

"எண்பத்தெட்டு, இல்லை" என்று வாசித்தார் மாணவி.

பேராசிரியர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இல்லை என்று எழுதாதே அம்மா. நாம் தேடாமல் விட்டதற்கும் இல்லை என்றுதான் எழுதுவார்கள். நான்கு வருஷம் கழித்து வருகிறவர் என்ன நினைப்பார்? வேரோடு தோண்டப்பட்டது, குழி இருக்கிறது என்று எழுது. தேதியும் போடு."

மாணவி ரப்பரால் அழித்துவிட்டு எழுதினார். நானும் என் நோட்டில் அழித்து எழுதினேன்.