விசிலுக்கு ஒரு மைக்

லண்டனில் சவுண்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை மிகவும் பயமுறுத்திய வாத்தியம் டின் விசில். ஒரு முழம்கூட இருக்காது, ஆறு துளை போட்ட தகரக் குழல். டிரம்ஸ், பேஸ் கிடாரின் முழக்கத்துக்கு நடுவே அது கேட்க வேண்டுமென்று மைக்கைக் கூட்டினால் மானிட்டர், அதாவது வாசிப்பவர்களுக்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், ஊளையிடும். குறைத்தால் வாசிப்பவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அயர்லாந்தின் நாட்டுப்புற இசையையும் பங்க் ராக்கையும் சேர்த்து வாசிக்கும் குழுக்களுக்குப் பப்களில் நிறைய வேலை பார்த்தேன். அப்படித்தான் இந்த வழியைத் திறந்துவிட்ட தி போக்ஸ் குழுவை ஒரு தொழில்காரனின் காதோடு கேட்க ஆரம்பித்தேன்.

1982-ல் லண்டன் கிங்ஸ் கிராஸில் உருவான குழு அது. முதலில் வைத்த பெயர் போக் மஹோன், ஐரிஷ் மொழியில் ஒரு வசை. புகார் வந்ததும் பாதியை வெட்டிவிட்டார்கள். கிடார் வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஃபியர்ன்லியின் கையில் அக்கார்டியனைக் கொடுத்தார்கள். பியானோ தெரிந்தவர், பழகிக்கொண்டார். ஆண்ட்ரூ ராங்கன் தொடக்கத்தில் நின்றபடியே டிரம்ஸ் அடித்தார், பெரும்பாலும் இரண்டே டிரம்கள்: சுள்ளென்று ஒலிக்கும் ஒரு ஸ்னேர், கனத்து ஒலிக்கும் ஒரு ஃப்ளோர் டாம். எனக்கு இதுதான் பெரிய பாடம். தாளம் இப்படி அடியில் இறங்கி நின்றால் மேலே விசிலுக்கும் பான்ஜோவுக்கும் இடம் தானாகக் கிடைக்கிறது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரோடு நான் மல்லுக்கட்டிய சிக்கலை அவர்கள் வாத்தியங்களைக் குறைத்தே தீர்த்துவிட்டார்கள்.

1985-ல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தவர் ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ. தன்னைவிடத் தேர்ந்த யாராவது வந்து கெடுப்பதற்குள் அந்தச் சிதைந்த அழகை அப்படியே பதிந்துவிடுவதுதான் தன் வேலை என்று நினைத்தாராம். ஒலிப்பதிவு செய்கிற எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

1987-ல் வந்த அவர்களுடைய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' பாட்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. குழுவின் பாடகர் ஷேன் மெக்கோவனும் விருந்தினராக வந்த பாடகி கிர்ஸ்டி மெக்காலும் எதிரெதிரே நின்று சண்டை போடுவது போலவே இருக்கும் அந்தப் பாட்டு. உண்மையில் கிர்ஸ்டி தன் பகுதியை வீட்டு ஸ்டுடியோவில் தனியாகப் பாடினார். பதிந்தவர் அவர் கணவர், தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட். அதைக் கேட்டபின் ஷேன் தன் பகுதியைத் திரும்பப் பாடினார். இது தெரிந்த பிறகும், கேட்கும்போது என்னால் அந்த இரண்டு குரல்களைப் பிரித்து நினைக்க முடிவதில்லை.

அப்புறம் ஓயாத பயணங்கள். பாடல்களின் உயிராக இருந்த ஷேன் குடியிலும் போதையிலும் சரிந்துகொண்டே போனார். 1991-ல் ஜப்பானின் யோகோஹாமாவில், ஒரு ஹோட்டல் அறையில், விலகிவிடும்படி தோழர்களே சொன்னார்கள். ஏன் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டாராம் அவர்.

இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு சிறிய குழுவோடு சில வாரம் ஊர் ஊராகப் போயிருக்கிறேன். பாடகருக்குக் கை நடுங்கும், வார்த்தை குழறும். மேடையேறினால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். நான் அவர் குரலைக் கொஞ்சம் இறக்கி, எக்கோ கூட்டி, கிடாரை மேலே தூக்கினேன். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நன்றாகச் சமாளித்தாய் என்று பாராட்டுகூடக் கிடைத்தது. அந்தப் பாராட்டை வாங்கியிருக்கக் கூடாது. மூன்றாவது ஊரிலேயே நான் வாய் திறந்திருக்க வேண்டும். அவர் இப்போது பாடுவதில்லை.

ஷேன் விலகிய பிறகு, 'தி கிளாஷ்' என்ற பங்க் குழுவில் பாடிய ஜோ ஸ்ட்ரம்மர் கொஞ்ச காலம் பாடினார், பிறகு விசில்காரர் ஸ்பைடர் ஸ்டேசியே பாடினார். 1996-ல் குழு கலைந்தது. 2001-ல் ஷேனோடு மறுபடி கூடி, 2014 வரை மேடையேறினார்கள்.

ஷேன் 2023 நவம்பர் 30 அன்று காலமானார். அயர்லாந்தின் டிப்பரெரி மாவட்டத்தில் நீனா ஊர்த் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்கை நேரலையில் பார்த்தேன். பழக்கதோஷத்தில் முதலில் மைக்குகளைத்தான் தேடினேன். 'ஃபேரிடேல்' தொடங்கியதும் அவர் குடும்பத்தார் எழுந்து சவப்பெட்டிக்கு அருகிலேயே ஆட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் எந்த மைக் எங்கே இருந்தது என்று நான் கவனிக்கவில்லை.