பார்க்கர் 51: பிளமா, பர்கண்டியா? மூன்று முறை அலைந்த கதை

பார்க்கர் 51 என்ற பழைய மைப்பேனாவைச் சேர்ப்பவர்களுக்கு பிளம் நிறத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. 1948, 1949 வாக்கில் கொஞ்ச காலம்தான் அந்த நிறம் வந்தது. பர்கண்டி பல வருடம் வந்ததால் தேடினால் கிடைத்துவிடும். பர்கண்டி நம்ம ஊர் அரக்கு. பிளம், கத்தரிப்பூ நிறத்தின் பக்கம் சாய்ந்த அரக்கு. அவ்வளவு நெருக்கம்.

பழைய பேனா விற்கும் ஒருவர் எனக்கு வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். நல்ல ஊதா. பிளம் என்றே சொன்னார். மாலை ஏழு மணிக்குக் கடைக்குப் போனேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பேனா பழுப்பாகத் தெரிந்தது. சந்தேகம் கேட்டதற்கு, "கலர்ல என்ன சார் இருக்கு, எழுதுதான்னு பாருங்க" என்றார். அன்று வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டும். வேறு யாராவது வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் 14,000 ரூபாய் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பேனா சேர்க்கும் நண்பரிடம் காட்டினேன். நிப் பக்கத்தைப் பார்த்த உடனே "இது பர்கண்டி" என்றார். மனம் உடைந்துவிட்டது. கடைக்கு ஓடினேன், பூட்டியிருந்தது. ஒரு நாள் வீண்.

அப்புறம்தான் நிதானமாக உட்கார்ந்தேன். பேரலில், அதாவது பேனாவின் பின்பக்க உடலில், பொறித்திருந்த எழுத்துகளின் முடிவில் 9 என்ற இலக்கம் இருந்தது. அது வருடத்தின் கடைசி இலக்கம், அதாவது 1949. இது பிளம் என்பதற்குச் சான்று ஆகாது, அதே வருடம் பர்கண்டியும் வந்தது. ஆனால் அங்கே 1 அல்லது 2 என்று வேறு வருடத்தின் இலக்கம் இருந்திருந்தால் பிளம் என்ற பேச்சையே விட்டிருக்கலாம். வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காலை பத்து மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், வெள்ளைத் தாள்மேல் அந்தப் பேனாவையும் என்னிடம் ஏற்கெனவே இருந்த பர்கண்டி 51ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். பேரல்கள் இரண்டும் வேறு வேறு. புதியது சந்தேகமில்லாமல் ஊதா. ஆனால் நிப்பை மூடியிருக்கும் ஹூட்? இரண்டு பேனாவிலும் ஒரே அரக்கு!

பேரல் பிளம், ஹூட் பர்கண்டி. எப்போதோ யாரோ பழுது பார்த்தபோது ஹூட்டை மாற்றியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் உலோக வளையம் இருப்பதால், அடுத்தடுத்து இருந்தும் வித்தியாசம் கண்ணில் படவில்லை. கடைக்காரர் பேரலைப் பார்த்துச் சொன்னார், நண்பர் ஹூட்டைப் பார்த்துச் சொன்னார். இருவர் சொன்னதும் சரி.

தனிப்படத்தை மட்டும் நம்பாதீர்கள். செல்போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே நிறத்தை மாற்றிக்கொள்ளும். உங்களுக்குத் தெரிந்த பர்கண்டிப் பேனா ஒன்றையும் சேர்த்து ஒரே படத்தில் எடுத்துக் கேளுங்கள். ஹூட்டும் பேரலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அழுக்குப் போனால் நிறம் தெரியும் என்று ஸ்பிரிட்டோ நெயில் பாலிஷ் ரிமூவரோ தொட்டுத் துடைக்காதீர்கள். 51இன் உடல் லூசைட் என்ற அக்ரிலிக். அவை பட்டால் மெல்லிய கீறல் விரிசல்கள் விழும். ஈரத்துணி போதும். உள்பக்கம் பார்க்கிறேன் என்று ஹூட்டைத் திருகுவதும் வேண்டாம். அது அரக்குப் பசை போட்டு ஒட்டியது, சூடு காட்டி இளக்கத் தெரிந்தவர்தான் கழற்ற வேண்டும்.

மூன்றாவது முறை காலையிலேயே கடைக்குப் போனேன், என் பர்கண்டியையும் எடுத்துக்கொண்டு. முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "விற்றது விற்றதுதான்" என்றார். புடவைக் கடையில் அம்மா செய்வது நினைவுக்கு வந்தது. "சார், வாசலுக்கு வந்து ஒரு தடவை பாருங்க, போதும்" என்று கூட்டிப்போனேன். இரண்டு பேனாவையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா சார், மூக்கு வேற, உடம்பு வேற."

4,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தார். பேனாவை நான் கொடுக்கவில்லை. அந்தப் பேரல் அசல் பிளம். ஒரு பிளம் ஹூட் தேடிக்கொண்டிருக்கிறேன்.