போடி ஏலக்காய்க் கடைக்கு போன் மாற்றிய அனுபவம்: பழைய லைனா, இணைய போனா?

போடிநாயக்கனூரில் ஒரு ஏலக்காய் வியாபாரக் கடையில் கணக்கும் ஆபீஸ் நிர்வாகமும் பார்க்கிறேன். கடையும் குடோனும் போடியில், ஒரு கிளை கேரளாவில் இருக்கும் வண்டன்மேட்டில். எங்களுக்குக் காய் போடும் தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மலையில் இருக்கிறார்கள். போடியிலோ புத்தடியிலோ ஸ்பைசஸ் போர்டு இ-ஏலம் முடிந்ததும் அன்றைய சராசரி விலை கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அந்த நேரத்தில் போன் கரகரத்தாலோ பிஸியாகவே இருந்தாலோ அடுத்த கடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பழைய செம்புக் கம்பி லைன் மழைக்காலம் முழுக்கத் தகராறு செய்ததால் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று முடிவானது. அந்த வேலை என் பொறுப்புக்கு வந்தது.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "தம்பி, எத வேணும்னாலும் மாத்துங்க, நம்பர் மட்டும் மாறக்கூடாது. பட்டியல்லயும் சாக்குலயும் அதான் அடிச்சிருக்கோம். மலைல பெரியவங்க அந்த நம்பர மனப்பாடமா வச்சிருக்காங்க."

இந்த நிபந்தனைதான் பாதி முடிவை எடுத்துக் கொடுத்தது. மொபைலில் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 முதல் நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அது கிடையாது. இணைய போன் விற்க வந்தவர்கள் காட்டிய விலை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோரும் புது நம்பர்தான் தருவோம் என்றார்கள். "பழைய நம்பர்ல இருந்து ஃபார்வர்டு போட்டுக்கலாம் சார்" என்றார் ஒருவர். ஃபார்வர்டு போடுவதற்கே பழைய லைன் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு வாடகையும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் ஏற்கெனவே இருந்த கம்பெனியிலேயே செம்புக் கம்பியை விட்டு ஃபைபருக்கு மாறினோம். அதே எக்ஸ்சேஞ்ச் என்பதால் 04546-இல் தொடங்கும் அதே எண் கிடைத்தது. ஃபைபர் வந்து சேரும் மோடம் பெட்டியின் பின்னால் சாதாரண போன் செருகும் துளை ஒன்று இருக்கிறது. பழைய நம்பர் இப்போது அதில் அடிக்கிறது.

அனலாக்கா (பழைய மாதிரி சாதாரண போன்), இணையமா என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்று எனக்கு அப்போதுதான் தெளிவானது. வெளியிலிருந்து வரும் லைன் ஒன்று, உள்ளே மேஜைமேல் இருக்கும் கருவி இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக முடிவு செய்யலாம், கலந்தும் வைக்கலாம்.

பழைய நம்பர் ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பேச முடியும். அதற்காக சிப் டிரங்க் எனப்படும் இணையவழி லைனை, உரிமம் உள்ள கம்பெனியிடமே எடுத்தோம். பழைய நம்பர் பிஸியானால் அழைப்பு தானாக அங்கே போய்விடும். ஒரு சேனல் என்றால் ஒரு நேரத்தில் ஒரு அழைப்பு. எத்தனை சேனல் வாங்குவது என்பதற்கு ஆபீஸில் எத்தனை போன் இருக்கிறது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஏலம் முடிந்த ஒரு மணி நேரத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தாலே அது தெரிந்துவிடும்.

கணக்குப் பிரிவு, விற்பனை மேஜை, முதலாளி அறை ஆகியவற்றுக்கு ஐபி போன், அதாவது கம்ப்யூட்டர் நெட்வொர்க்கின் லேன் கேபிளில் இயங்கும் போன் போட்டோம். குடோனுக்கு வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். குடோன் முற்றத்துக்கு அந்தப் பக்கம், காய் சலித்துத் தரம் பிரிக்கும் இடம். எப்போதும் தூசி. லேன் கேபிள் 100 மீட்டருக்குமேல் இழுக்கக் கூடாது, எங்கள் தூரம் அதைத் தாண்டும். பழைய போன் வயருக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வயரும் ஏற்கெனவே கிடந்தது. அதனால் அங்கே சாதாரண அனலாக் போனையே விட்டுவிட்டு, அதைப் புது அமைப்போடு சேர்க்க ஒரு கேட்வே பெட்டி வைத்தோம். அந்த போன் கீழே விழுந்தாலும் சில நூறு ரூபாயோடு போகும்.

முற்றம் தாண்டிப் போகும் எந்தச் செம்பு வயரும் இடியை உள்ளே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்குமேல் மலையில் இடி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. வண்டன்மேட்டு கிளைக்கு வேலை பார்க்க வந்த சேட்டனும் முதலில் எர்த்தைத்தான் சோதித்தார். ஃபைபர் இழையில் மின்சாரம் பாயாது, அது பெரிய நிம்மதி. ஆனால் மோடத்திலிருந்து கிளம்பும் வயரெல்லாம் செம்புதான். குடோன் வயரின் இரு முனையிலும் திடீரென எகிறும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பு மாட்டி, எர்த்தைச் சரி செய்த பிறகே கேட்வேயை இணைத்தோம்.

கரண்ட் விஷயத்தில் பழைய லைனுக்கு ஈடே கிடையாது. எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் கம்பியிலேயே வந்துவிடும், ஊரே இருட்டானாலும் போன் அடிக்கும். ஃபைபரில் அது போய்விட்டது. ஐபி போனுக்கு லேன் கேபிள் வழியாகவே ஸ்விட்சிலிருந்து மின்சாரம் போவதால் மோடம், ரூட்டர், ஸ்விட்ச், அழைப்புகளை அந்தந்த போனுக்குப் பிரித்துக் கொடுக்கும் போன் சர்வர் நான்கும் யுபிஎஸ்ஸில் இருந்தாக வேண்டும். "இன்வெர்ட்டர்தான் இருக்கே" என்றார்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளியிலேயே ரூட்டர் அணைந்து மறுபடி தொடங்கலாம், அதுவரை போன் ஊமையாக இருக்கும். தனி யுபிஎஸ் வாங்கி, மெயினை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டே இருந்து சோதித்துப் பார்த்தோம்.

இணைய வேகத்தைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். குரலை இணையத்தில் அனுப்பும் ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 90 கிலோபிட் போதும். பத்துப் பேர் பேசினாலும் 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். தாமதம்தான் தொல்லை. பேச்சு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குமேல் ஆனால் இருவர் பேச்சும் மோதிக்கொள்ளத் தொடங்கும். எங்களுக்குப் பேச்சு வெட்டி வெட்டி வந்ததற்குக் காரணம் குடோன் கேமராக்கள். அவை படத்தை இணையத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தன. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, கேமராவுக்கு வரம்பு வைத்ததும் சரியாகிவிட்டது.

வண்டன்மேட்டு கிளைக்கும் மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன் கொடுத்தோம். சரக்கு ஏற்றியாச்சா, சாம்பிள் வந்ததா என்று ஆபீஸ் ஆட்கள் தங்களுக்குள் பேச மட்டும்தான் அது. வெளி அழைப்புகளை இணையம் வழியாக இன்னொரு மாநிலத்துக்குக் கடத்துவது உரிமச் சட்டம் சம்பந்தப்பட்டது. அதனால் அங்கே வரும் வெளி அழைப்புக்கு அங்கேயே தனி லைன் வைத்துவிட்டோம்.

செட்டிங் செய்பவரிடம் இரண்டை வலியுறுத்திச் சொல்லுங்கள். 2021 ஜனவரி முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும். போன் சர்வரே அதைச் சேர்க்கும்படி செய்துவிட்டால் யாரும் திணற மாட்டார்கள். அடுத்து, வெளிநாட்டு அழைப்பைப் பூட்டிவிட்டு, கம்பெனி வைத்து அனுப்பும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். இணையத்தில் திறந்து கிடக்கும் போன் சர்வரைத் தேடிப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஐஎஸ்டி கால் போட்டு பில்லை ஏற்றும் கூட்டம் இருக்கிறது. எங்கள் வேலை முடிந்தபோது அட்மின் பாஸ்வேர்டும் செட்டிங் பேக்கப்பும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுத்தோம்.