தம்பிக்காக எழுதிய தாள்

போன கிழமை எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒரு தாள் கொடுத்துவிட்டு வந்தேன். மேசையில் இருந்தவருக்கு அதை எந்தப் புத்தகத்தில் பதிவது என்று விளங்கவில்லை. "ஏதும் நடந்ததா?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன்.

தாளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். மனநோய்க்கு மருந்து எடுக்கிற என் தம்பியின் பெயர், வீடு, கிளினிக் நம்பர், குடிக்கிற குளிசை. பின்னால் வந்து பிடிக்க வேண்டாம், சத்தம் போட வேண்டாம், முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள். அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முந்திய மாரி அது. தம்பி மூன்று கிழமையாகக் குளிசையை நிறுத்தியிருந்தது எனக்குத் தெரியாது. நடுச்சாமத்தில் மண்வெட்டியோடு சந்தியில் நின்று ரோட்டைக் கொத்தத் தொடங்கிவிட்டான். வெள்ளம் வருகுதாம், வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டாவிட்டால் ஊர் தாழுமாம். யாரோ பொலிஸின் 119 நம்பருக்கு அடித்தார்கள். அவர்களில் பிழை இல்லை, மண்வெட்டியோடு நிற்கிறவனைக் கண்டால் நானும் அடிப்பேன். ஜீப் வந்து முகத்துக்கு நேரே லைட் அடித்தது. நாலு பேர், நாலு பேரும் சிங்களத்தில் கத்தினார்கள். கையைத் தூக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. போர்க்காலச் சுற்றிவளைப்புகளுக்குள் வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் குரலும் காக்கியும் வேறு எதையோ சொல்லியிருக்கும். ஓடினான். பொல்லு விழுந்தது, மணிக்கட்டு எலும்பு உடைந்தது. விடியும்வரை பொலிஸ் கூட்டில் இருந்தான், மறுகாதான் ஆஸ்பத்திரி. மண்வெட்டியைச் சான்று என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த இரவு முழுக்க என் மனதில் ஓடியது 2009 ஒக்டோபரில் டிவியில் பார்த்த காட்சி. கொழும்பு பம்பலப்பிட்டிக் கடலில் நின்று கைகூப்பிய, மனநலம் குன்றிய அந்தத் தமிழ்ப் பொடியன். பொல்லோடு நின்றவர்கள் அவனைக் கரையேற விடவில்லை. கரையில் நின்று சனம் பார்த்தது.

இரண்டாம் முறை மூன்று வருடம் கழித்து. அதே மாரி, அதே சந்தி, கடன் வாங்கிய மண்வெட்டி. ஆனால் அன்று வந்தவர்களில் கல்லாற்றுப் பக்கத்துக் கொன்ஸ்டபிள் ஒருவர் இருந்தார். லைட்டை நிப்பாட்டச் சொன்னார். தொப்பியைக் கழற்றி மதகில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தினார். "எவ்வளவு ஆழம் வெட்டணும் மனே?" என்று கேட்டார். தம்பி நின்று யோசித்தான். அவருடைய ஊரிலும் மாரிக்கு வெட்டுகிறவர்கள்தானே, முக்கால் மணித்தியாலம் அதைப் பற்றியே கதை. கடைசியில், "தண்ணி இன்னும் ஏறல்ல, மிச்சத்த விடிய வெட்டுவம்" என்றார். தம்பி மண்வெட்டியைத் தானே நீட்டினான். ஜீப் வேண்டாம் என்று ஓட்டோவில் போனோம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கு. (நோயாளி சொல்வதை மறுக்கவும் வேண்டாம், ஆமென்று தலையாட்டவும் வேண்டாம் என்று கிளினிக்கில் சொல்வார்கள். கொன்ஸ்டபிள் அந்தப் பாடத்தில் பாதிதான் பாஸ்.)

நல்ல மனுசன். ஆனால் அன்றைய டியூட்டி லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்தது என் அதிர்ஷ்டம். இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை மாரி கடத்துவது? அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் 1987இல் கத்தியோடு நின்ற மனநோயாளி ஒருவரைப் பொலிஸ் சுட்டுக் கொன்ற பிறகு, அடுத்த வருடமே இதற்கென்று தனிப் பொலிஸ் அணி அமைத்தார்கள், ஆளுக்கு 40 மணித்தியாலப் பயிற்சியோடு. எங்களிடம் இருப்பது 1873இல் வெள்ளைக்காரன் போட்டு 1956இல் திருத்திய மனநோய்ச் சட்டம். தற்கொலைக்கு முயல்வது 1998வரை இங்கே குற்றம். பொலிசாரை மட்டும் குறை சொல்லி என்ன? பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மகளிருக்கென்று ஒரு மேசை போட முடிந்ததுதானே. இதற்கும் தமிழ் கதைக்கிற ஒருவரை வைத்து, மனநலப் பிரிவின் நம்பரைச் சுவரில் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? மனநல உதவி நம்பர் 1926க்கு அடித்தால் ஆலோசனை கிடைக்கும்தான், ஆனால் சந்தியில் நிற்கிறவனுக்குப் பக்கத்தில் வந்து குந்த ஒரு ஆள் வேண்டுமே.

தாளைக் கொடுக்க முதல் தம்பியிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவனைப் பற்றியது, அவன் சம்மதிக்க வேண்டும். இரண்டு தரம் வாசித்தான், ஒரு குளிசையின் அளவைத் திருத்தினான். பிறகு பேனையை வாங்கிக் கடைசியில் தன் கையால் ஒரு வரி எழுதினான்:

"மண்வெட்டி எங்கட அப்பாட. திருப்பித் தரவும்."