கணக்கில் எத்தனை வருட ஆயுள்?

கமர்ஷியல் கிச்சன் மெஷின்களை ரிப்பேர் பார்த்தே பல வருடம் ஓட்டியவன் நான். இப்போது வாங்குகிறவர்களுக்கு எதை வாங்கலாம் என்று சொல்லும் வேலை. முன்பெல்லாம் விலை, வாரண்டி, உதிரிபாகம் இந்த மூன்றுதான் பேச்சு. இப்போது கொட்டேஷனோடு தயாரிப்பாளரின் சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டும் வந்துவிடுகிறது. பச்சை அட்டை, தொழிற்சாலைக் கூரையில் சோலார் பேனல், 2050க்குள் நெட் ஜீரோ (நிகர உமிழ்வு பூஜ்யம்) என்ற வாக்குறுதி. நான் படங்களைத் தள்ளிவிட்டு நேராகக் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அட்டவணைக்குப் போய்விடுவேன்.

நிறுவனங்கள் கார்பன் கணக்கு எழுதப் பெரும்பாலும் பின்பற்றுவது ஜிஹெச்ஜி (பசுமை இல்ல வாயு) புரோட்டோகால் என்ற விதித்தொகுப்பு. தானே எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, மற்றதெல்லாம் ஸ்கோப் 3. இந்த மூன்றாவதில் 15 பிரிவுகள். அதில் 11ஆவது, விற்ற பொருளை வாங்கியவர் ஓட்டும்போது வரும் உமிழ்வு. மெஷின் செய்கிறவருக்கு மொத்தச் சுமையும் ஏறுவது இங்கேதான்.

தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிஷ்வாஷர் நாளுக்கு 20 யூனிட் கரண்ட் இழுக்கிறது, வருடத்துக்கு 300 நாள் ஓடுகிறது, 10 வருடம் உழைக்கிறது என்று வைத்தால் 60,000 யூனிட். யூனிட்டுக்கு அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் 30 டன். அந்த மெஷினில் 150 கிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருந்தாலும், அந்த ஸ்டீலைச் செய்ததில் வந்த உமிழ்வு ஒரு டன்னைத் தொடுவதே கஷ்டம். கூரை சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டைப்படத்துக்கு வரவேண்டிய விஷயம் அதுவல்ல.

(இன்னொரு வேடிக்கை: அடுப்பு செய்பவர் அது எரிக்கும் கேஸைக் கட்டாயம் கணக்கில் காட்ட வேண்டும். அந்த அடுப்பில் ஏறும் பாத்திரத்தைச் செய்பவருக்கு அது விருப்பம்தான். பாத்திரம் தானாக எதையும் எரிப்பதில்லையே!)

சரி, இனிதான் எனக்குப் பிடிக்காத இடம். ஒரு வருடத்தில் விற்ற மெஷின்கள் தம் ஆயுள் முழுக்க உமிழப்போகும் அத்தனையும் விற்ற வருடத்துக் கணக்கிலேயே ஏறும். அதே டிஷ்வாஷரை 15 வருடம் உழைக்கும்படி செய்தால் 30 டன் 45 டன் ஆகிவிடும். திடமாகச் செய்தவர் பேப்பரில் மோசமானவராகத் தெரிவார்; சீக்கிரம் உடைகிற மெஷினை விற்பவர் உத்தமர். விதியை எழுதியவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் மொத்தக் கணக்கோடு பொருளின் ஆயுளையும், ஓர் அலகுக்கு எவ்வளவு உமிழ்வு என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். பல ரிப்போர்ட்டுகளில் அது பொடி எழுத்து அடிக்குறிப்பாகக் கிடக்கும். சிலதில் அதுவும் கிடையாது.

ஒரு நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் ஸ்கோப் 3 நன்றாகவே குறைந்திருந்தது. அடிக்குறிப்பைத் தேடினால், சராசரி ஆயுளை 12 வருடத்திலிருந்து 10 ஆக மாற்றியிருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூ கூட மாற்றாமல் ஆறில் ஒரு பங்கு காலி. இப்படி முறையை மாற்றினால், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் அடிப்படை ஆண்டின் கணக்கையும் திருத்தி எழுத வேண்டும். திருத்தினீர்களா என்று சேல்ஸ்காரரிடம் கேட்டேன். "சார், அதெல்லாம் ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்" என்றார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நிறுவனங்கள் வைக்கும் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளைச் சரிபார்க்க 2015இல் தொடங்கிய எஸ்பிடிஐ என்ற அமைப்பு இருக்கிறது. பூமியின் சூடு 1.5 டிகிரிக்கு மேல் ஏறாமல் தடுப்பதற்கு ஏற்ற இலக்கு என்றால் ஸ்கோப் 1, 2இல் வருடத்துக்கு 4.2% வீதம் குறைக்க வேண்டும் என்பது அவர்களின் பரவலான அளவுகோல். மொத்த உமிழ்வில் ஸ்கோப் 3-இன் பங்கு 40 சதவீதத்தை எட்டினால் அதற்கும் இலக்கு வைத்தாக வேண்டும். மெஷின் கம்பெனிகள் தப்பவே முடியாது. ஆனாலும் 'ஒரு மெஷினுக்கு இவ்வளவு' என்று இலக்கு வைத்துவிட்டு விற்பனையைப் பெருக்கிக்கொண்டே போகலாம். வாங்கியவர் ஊரில் மின்சாரம் சுத்தமானால் அந்தக் குறைவும் இவர்கள் கணக்கில்தான் வரும்.

நிஜமாகக் குறைக்க வழி இல்லையா என்ன? டிஷ்வாஷரில் கடைசி அலசலுக்கு 82 டிகிரி வரை தண்ணீர் சூடாகும். ஒரு லிட்டரை 60 டிகிரி ஏற்ற ஏறக்குறைய 0.07 யூனிட். ஒரு ட்ரேவுக்கு ஒரு லிட்டர் மிச்சம் பிடித்தால் வருடம் முழுக்க அது பேசும். வெளியே போகும் நீராவியின் சூட்டைப் பிடித்து, உள்ளே வரும் குளிர்ந்த தண்ணீருக்குக் கொடுக்கும் மாடல்களும் இருக்கின்றன. ஃப்ரீசரில் இன்னும் நேரடி: குளிரூட்டப் பயன்படும் பழைய ஆர்-404ஏ கேஸ் ஒரு கிலோ கசிந்தால் ஏறக்குறைய 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அந்த இடத்தில் புரொப்பேன் போட்டால் அதே ஒரு கிலோவுக்கு ஒற்றை இலக்கக் கிலோதான். தீப்பிடிக்கும் என்ற பயத்தில் 150 கிராமுக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். 2019இல் ஐஇசி என்ற சர்வதேச மின்சாதனத் தர அமைப்பின் விதி அதை 500 கிராம் வரை தளர்த்தியது. இதைச் செய்தவர்கள் அட்டையிலேயே போடலாம், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

அதனால் இப்போது என் விசாரணைப் படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்திருக்கிறேன். கார்பன் கணக்கில் இந்த மாடலுக்கு எத்தனை வருட ஆயுள் வைத்தீர்கள்? இதற்கு உதிரிபாகம் எத்தனை வருடம் தருவீர்கள்? முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 7 என்று பதில் வந்தால், மிச்சம் 3 வருடம் மெஷின் எதை வைத்து ஓடும் என்று திருப்பிக் கேட்டு அனுப்புகிறேன்.