வெளியே போய் நின்ற புள்ளி

மூன்று வாரமாக ஞாயிறு மதியங்களில் பொய் நிரூபணங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். 1 = 2 என்று முடியும் ரகம் ஒரே நாளில் சலித்துவிட்டது. ஏ = பி என்று தொடங்குவார்கள், நாலாவது வரியில் இரு பக்கத்தையும் ஏ − பி-ஆல் வகுப்பார்கள். அது பூஜ்யம், அவ்வளவுதான். அடுத்த பத்திலும் அதே திருடன், சட்டை மட்டும் வேறு.

என்னைச் சுற்றலில் விட்டது வேறொன்று: ‘எல்லா முக்கோணமும் இருசமபக்க முக்கோணமே’. முக்கோணம் ஏபிசி. ஏ-யின் கோண இருசமவெட்டியும் பிசி-யின் மையக்குத்துக்கோடும் ஓ-வில் வெட்டுகின்றன. ஓ-விலிருந்து ஏபி-க்கு ஒரு செங்குத்து, அடி எஃப். ஏசி-க்கு இன்னொன்று, அடி ஈ. சர்வசம முக்கோணங்களைப் பார்த்தால் ஏஎஃப் = ஏஈ, எஃப்பி = ஈசி. இரண்டையும் கூட்டு; ஏபி = ஏசி.

ஒவ்வொரு வரியாக மூன்று தடவை சரிபார்த்தேன். எல்லாம் சரி! எரிச்சலில் அண்ணன் மகளிடம் நோட்டை நீட்டினேன். ஒன்பதாம் வகுப்பு. சர்வசமக் கொள்கைகளை என்னைவிடப் புதிதாகப் படித்தவள். நிரூபணத்தை அவள் படிக்கவே இல்லை. “சித்தப்பா, படத்தைக் கையாலயா போட்டீங்க?” என்றாள்.

கையால்தான் போட்டிருந்தேன். அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸை வாங்கி ஏபி 10, பிசி 8, சிஏ 6 சென்டிமீட்டர் என்று ஒழுங்காக வரைந்தேன். காம்பஸ் வைத்துக் கோணத்தைச் சமமாக வெட்டி, மையக்குத்துக்கோட்டையும் இழுத்தால், ஓ முக்கோணத்துக்குள் இல்லை. பிசி-க்குக் கீழே 2 சென்டிமீட்டர் தள்ளி, வெளியே போய் நிற்கிறது. எஃப் ஒழுங்காக ஏபி மேல் விழுகிறது. ஈ விழ ஏசி-யில் இடமில்லை. சி-யைத் தாண்டிக் கோட்டை நீட்டினால்தான் அகப்படுகிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: ஏஎஃப் 8, ஏஈ 8, எஃப்பி 2, ஈசி 2. நிரூபணம் சொன்ன சமங்கள் அத்தனையும் உண்மை. ஆனால் ஏபி = 8 + 2, ஏசி = 8 − 2. ஒரு பக்கம் கூட்டல், மறுபக்கம் கழித்தல். என் கைப்படத்தில் ஓ உள்ளே இருந்ததால் இரண்டு பக்கமும் கூட்டிவிட்டேன்.

முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகவும் போகும் சுற்றுவட்டத்தை வரைந்ததும் இன்னொன்று தெரிந்தது. ஓ அந்த வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கங்கள் சமமில்லாத எந்த முக்கோணத்திலும் அப்படித்தான். செங்குத்தின் ஒரு அடி உள்ளே, மற்றது வெளியே.

இரண்டாவது வாரம் 64 = 65. எட்டுக்கு எட்டு கட்டத்தை நான்காக வெட்டி 5-க்கு 13 செவ்வகமாக அடுக்குவது. முதலில் ஒரு சென்டிமீட்டர் கட்டத்தில் செய்தேன். நடுவில் மெல்லிய கீற்று. கத்தரி பிசகியது என்று நினைத்துவிட்டேன். இரண்டு சென்டிமீட்டர் கட்டமாகச் சார்ட் அட்டையில் பிளேடால் வெட்டினேன். கீற்று போகவில்லை, அகலமான இடத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல். ஒரு துண்டின் சாய்வு 2/5, மற்றதின் சாய்வு 3/8. அதாவது 0.4, 0.375. கண்ணுக்கு நேர்கோடு, உண்மையில் மூலைவிட்டத்தில் ஒல்லியான இணைகரம். அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம்.

இப்போது கெம்பே. லண்டன் வக்கீல். அண்டை நாடுகள் ஒரே நிறத்தில் வராமல் தீட்ட எந்த வரைபடத்துக்கும் நான்கு நிறம் போதும் என்று 1879-இல் அவர் தந்த நிரூபணம் 11 ஆண்டு நின்றது. 1890-இல் ஹீவுட் என்ற கணிதவியலாளர் ஓட்டையைக் காட்டினார். இது மற்றவை போல ஏமாற்றப் பின்னிய புதிர் இல்லை என்பதால் எனக்கு இதில்தான் ருசி. ஐந்து அண்டை நாடுகள் உள்ள நாட்டுக்கு நிறம் ஒதுக்க, கெம்பே இரண்டு இடத்தில் நிறங்களை மாற்றிப் போடுகிறார். தனித்தனியாகச் செய்தால் பழுதில்லை. சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றதன் காலை வாரிவிடலாம். (அந்த நான்கு நிறம் கடைசியில் 1976-இல், அப்பெல், ஹாக்கன் இருவரும் கணினியை வைத்து நிரூபித்தது.)

அந்த மோதல் என் கையால் வரைந்த வரைபடத்தில் வரவேண்டும் என்று ஆசை. மூன்று வரைபடம் போட்டாயிற்று, மூன்றிலும் இரண்டு மாற்றமும் சமத்தாக முடிந்துவிடுகின்றன. சிவப்புப் பென்சில் பாதியாகிவிட்டது. அதுவும் அண்ணன் மகளுடையது.